குச்சியும் பெட்டியும்

நம்மிடையே புதிதாக ஒரு பக்தி மார்க்கம் கிளம்பியிருக்கிறது. அதற்குக் கோயில் கிடையாது, குருமார்கள் உண்டு. விக்கிரகம் கண்ணாடியால் ஆனது; அதன் வயிற்றுக்குள்ளே ஒரு கம்பி செம்பொன் நிறத்தில் கனன்றுகொண்டிருக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு, இரண்டு காதிலும் கிண்ணம் கிண்ணமாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தக் கனலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் வழிபாடு. தட்சிணை பல ஆயிரத்தில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டியும் போகிறது. இதற்கு வால்வு ஆம்பிளிபயர் என்று பெயர்.

இந்த மார்க்கத்தாரிடம் போய், “ஐயா, எந்த ஹெட்போனுக்கு எந்த ஆம்பிளிபயர் வாங்கலாம்?” என்று கேட்டுப் பாருங்கள். “வால்வு வாங்குங்கள்” என்பார்கள். “என்னிடம் இருப்பது இந்த ஹெட்போன்” என்பீர்கள். “அதனால் என்ன? வால்வு வாங்குங்கள்” என்பார்கள். தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே தைலத்தை எடுத்து நீட்டுகிற சந்தை வைத்தியரைப் பார்த்தால் நாம் சிரிக்கிறோம். இவர்களைப் பார்த்து ஏன் சிரிப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

வால்வுக்கு நான் விரோதி அல்ல. வால்வு ரேடியோவின் வெளிச்சத்தில் வளர்ந்தவன் நான். திருகினால் உடனே பாடாது. சூடேற அரை நிமிஷம் பிடிக்கும். அந்த அரை நிமிஷமும் வீட்டில் யாரும் பேசமாட்டோம். பிறகு இலங்கை வானொலி எங்கோ கடலுக்கு அடியிலிருந்து எழுந்து வருவது போல வரும். அந்தச் சுகத்தை மறந்தவன் இல்லை. ஆனால் சுகத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு பொய்யை விற்றால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வால்வு ஆம்பிளிபயர் தன்னந்தனியாக நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. எந்த ஹெட்போனுடன் அதைச் சேர்க்கிறோமோ அந்தச் சேர்க்கைதான் நல்லது அல்லது கெட்டது. சேர்க்கையைப் பற்றிப் பேசாமல் வால்வின் மகிமையை மட்டும் பேசுகிறவர் சங்கீதத்தைப் பற்றிப் பேசவில்லை. கண்ணாடிக்கு விளம்பரம் செய்கிறார்.

இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கலாம். காரணம் என் அக்காள் மகன்.

அவன் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்குப் பார்க்கிறான். காலண்டர் வேலை மும்முரமாக நடக்கும் மாதங்களில் ராத்திரி பத்து மணிக்கு முன்னால் வீடு திரும்பமாட்டான். வீட்டில் ஆறு பேர், அறை இரண்டு. தகப்பனாருக்குச் செய்தி வேண்டும், தாயாருக்குத் தொடர் வேண்டும், குழந்தைக்குத் தூக்கம் வேண்டும். இவனுக்கு வேண்டியது நாகஸ்வரம். அவ்வளவு பேர் நடுவே ஒருவன் தனக்கென்று கட்டிக்கொள்ளக்கூடிய ஒரே அறை ஹெட்போன்தான். அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

போன தீபாவளி போனஸையும் சேமிப்பில் கொஞ்சத்தையும் போட்டு இருபத்தெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு வால்வு ஆம்பிளிபயர் தருவித்தான். வெளியூர்க் கடை, கூரியரில் வந்தது. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, விளக்கை அணைத்து, ஹெட்போனை என் தலையில் மாட்டினான். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்துக்காகக் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் போட்டி போட்டுக்கொண்டு போகுமே, அந்தப் பாட்டை வைத்தான். எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. அன்றைக்குக் கேட்டபோது நாகஸ்வரத்தைக் கம்பளிக்குள் சுற்றி வைத்து ஊதுவது போல இருந்தது. தவில் மட்டும் வயிறு உப்பிப்போய் எல்லாவற்றையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

“எப்படி மாமா?” என்றான்.

“தவில்காரருக்கு அஜீரணம் போலிருக்கிறதே” என்றேன்.

அவன் முகம் சுண்டிவிட்டது. “இதுதான் மாமா வால்வோட கதகதப்பு. உங்க காதுக்குப் பழகல.”

நான் பேசவில்லை. அதே ஹெட்போனைக் கழற்றி, அவன் கைபேசிக்கு ஒட்டுகிற விரல் நீளச் சாதனம் ஒன்று மேஜை மேல் கிடந்தது, அதில் செருகி அவன் தலையில் மாட்டிவிட்டேன். சப்தத்தையும் ஏறக்குறைய முன்பு இருந்த அளவுக்கே வைத்தேன். ஒரு நிமிஷம் கேட்டான். நாகஸ்வரம் கம்பளியை உதறிவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும்; அவன் கண்ணில் தெரிந்தது. ஆனால் வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. இருபத்தெட்டாயிரம் ரூபாய் கொடுத்தவன் எப்படி ஒப்புக்கொள்வான்?

அவனை நான் குற்றம் சொல்லவில்லை. “எல்லா ஹெட்போனுக்கும் ஏற்றது” என்று அச்சடித்துக் கொடுத்தவர்களைச் சொல்கிறேன். அதை நம்பச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதிய ரசிக சிகாமணிகளைச் சொல்கிறேன்.

இந்தப் பையன் எந்த ஊர்க்காரன் என்பதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமை அதிகமாகிறது. சிவகாசிக்காரனுக்கா பொருத்தத்தைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டும்? பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதை அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவர்கள் கற்று வந்த தொழிலின் ரகசியம் என்ன? குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ் கலந்த மருந்து. குச்சியைச் சுவரில் தேய்த்தால் பற்றாது. கல்லில் தேய்த்தால் பற்றாது. அதற்கென்று அமைந்த பெட்டியின் பக்கத்தில் உரசினால்தான் தீ. அப்படியானால் நெருப்பு எங்கே இருக்கிறது? குச்சியிலா, பெட்டியிலா? இரண்டிலும் இல்லை, இரண்டும் சேருகிற இடத்தில் இருக்கிறது. குச்சியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, “ஆகா, என்ன நெருப்பு!” என்று ஒருவன் பாராட்டினால் சிவகாசியில் அவனை வைத்தியரிடம் அழைத்துப் போவார்கள். வால்வை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பாராட்டுகிறவனுக்கோ ரசிகன் என்று பட்டம் கொடுக்கிறார்கள்.

இன்னொரு சாட்சியையும் கூப்பிடுகிறேன். விருதுநகரில் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் என்றால் தெருவுக்குத் தெரு மூங்கிலில் குழாய் கட்டுவார்கள். குழாய் என்றால் தண்ணீர்க் குழாய் அல்ல. ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த ஒலிபெருக்கி. எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் தெருவுக்கு மைக் செட் போட்ட அண்ணாச்சி ஒருவர் இருந்தார். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அவருடைய ஆம்பிளிபயரும் வால்வு ஆம்பிளிபயர்தான். அதன் முதுகுப்புறத்தில் வரிசையாகத் திருகாணிகள். அவற்றின் பக்கத்தில் 4, 8, 16 என்று எண்கள். அது என்ன கணக்கு என்று கேட்டேன்.

“அது ஓம் கணக்கு தம்பி. ஒரு குழாய் பதினாறு ஓம். ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல சேர்த்தா எட்டாயிரும். நாலைச் சேர்த்தா நாலாயிரும். எத்தனை குழாய்னு எண்ணிட்டுத்தான் எந்த ஆணின்னு பார்க்கணும். குழாயை மாட்டாம வெறுமனே முழக்கினா உள்ள இருக்கிற டிரான்ஸ்பார்மர் போயிரும்” என்றார்.

முதலில் குழாயை எண்ணு, பிறகு ஆம்பிளிபயரைத் தொடு. இந்தச் சாஸ்திரத்தில் இன்றைக்கும் மேற்கொண்டு சேர்க்க வேண்டியது அதிகம் இல்லை. அண்ணாச்சிக்கு ஓம் என்றால் கணக்கு. நம் பக்தர்களோ அதைப் பிரணவம் என்று நினைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எத்தனை ஓம் என்று மட்டும் கேட்பதில்லை.

ஏன் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். எளிய கணக்குத்தான், கதை படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம்.

வால்வு என்பது காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு தகடு சூடாகி எலெக்ட்ரான்களைக் கக்குகிறது. எதிரே இருக்கும் தகடு அவற்றை இழுத்துக்கொள்கிறது. நடுவே உள்ள கம்பி வலை அந்த ஓட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆளுகிறது. லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் 1906இல் அந்த வலையை நடுவே வைத்ததிலிருந்து பெருக்கும் வித்தை பிறந்தது. இந்த வால்வின் சுபாவம் என்னவென்றால், வோல்ட்டை வாரி வழங்கும்; மின்னோட்டத்தை மட்டும் கிள்ளிக் கிள்ளித்தான் கொடுக்கும். ஏக்கர் கணக்கில் நிலமும் கையில் சில்லறைப் பஞ்சமும் உள்ள மிராசுதார் மாதிரி.

ஹெட்போன்களிலும் இரண்டு ஜாதகம் உண்டு. இரண்டு ஹெட்போன்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரு மில்லிவாட் கொடுத்தால் 97 டெசிபெல் சப்தம் தருகிறவை. ஒன்று 300 ஓம், மற்றது 32 ஓம். கச்சேரி உச்சத்துக்குப் போகிற ஒரு கணத்தில் 110 டெசிபெல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் 20 மில்லிவாட் வேண்டும். ஆனால் கேட்கிற விதம் வேறு. 300 ஓம் ஹெட்போன் ஏறக்குறைய இரண்டரை வோல்ட்டும் எட்டு மில்லி ஆம்பியரும் கேட்கும். 32 ஓம் ஹெட்போனுக்கு முக்கால் வோல்ட்டுக்குச் சற்று மேலே போதும். ஆனால் மின்னோட்டம் இருபத்தைந்து மில்லி ஆம்பியர் வேண்டும். முதலாவது மிராசுதாரிடம் நெல் கேட்கிறது, அளந்து போட்டுவிடுவார். இரண்டாவது சில்லறை கேட்கிறது. அவர் மடியைத் தடவ வேண்டியதுதான்.

இதோடு போகவில்லை. ஆம்பிளிபயருக்கும் உள்ளுக்குள்ளே ஓம் உண்டு. அதற்கு வெளியீட்டு மின்தடை என்று பெயர். என் மருமகப் பிள்ளையின் கருவிக்கு அது 50 ஓம். அதோடு வந்த தாளிலேயே, பொடி எழுத்தில், கடைசி வரியில் அச்சடித்திருந்தது. அவனுடைய ஹெட்போன் 32 ஓம் என்று பெயரே தவிர எல்லாச் சுருதிக்கும் 32 ஓமாக நிற்பதில்லை. தவிலின் தொப்பி முழங்குகிற கீழ்ச் சுருதிகளில் 80 ஓம் வரை ஏறுகிறது. ஆம்பிளிபயர் தருகிற வோல்ட்டை இந்த 50 ஓமும் ஹெட்போனும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஹெட்போன் 32 ஓமாக இருக்கிற இடத்தில் அதற்குக் கிடைப்பது நூற்றுக்கு 39 பங்கு. 80 ஓமாக ஏறுகிற இடத்தில் 62 பங்கு. கணக்குப் போட்டால் கீழ்ச் சுருதிகள் மட்டும் நாலு டெசிபெல் தூக்கலாக வருகின்றன. தவில்காரருக்கு வந்த அஜீரணம் இதுதான். இதற்குத்தான் வால்வின் கதகதப்பு என்று பெயர் வைத்தார்கள்.

அதே ஆம்பிளிபயரில் 300 ஓம் ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். அது கீழ்ச் சுருதியில் 550 ஓமுக்கு ஏறினாலும் பங்கு 86இலிருந்து 92க்குத்தான் போகிறது; வித்தியாசம் அரை டெசிபெல்லை ஒட்டித்தான். தவில் தவிலாகவே இருக்கும். ஆம்பிளிபயர் மாறவில்லை, வால்வு மாறவில்லை, மாறியது சேர்க்கை.

ஆகவே ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: ஆம்பிளிபயரின் வெளியீட்டு ஓம், ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 32 ஓமுக்கு 4. 300 ஓமுக்கு 37. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம் இந்த ஒரு பொருத்தத்தைப் பார்க்க மாட்டோம் என்றால் என்ன நியாயம்?

வால்வு ஆம்பிளிபயர்களிலேயே இரண்டு குலம் இருப்பதையும் விற்கிறவர்கள் உரக்கச் சொல்வதில்லை. ஒரு வகையில் வால்வுக்கும் ஹெட்போனுக்கும் நடுவே டிரான்ஸ்பார்மர் இருக்கும். அது மிராசுதாரின் நெல்லைச் சந்தையில் போட்டுச் சில்லறையாக மாற்றிக் கொடுக்கிற தரகர். வோல்ட்டைக் குறைத்து மின்னோட்டத்தைக் கூட்டித் தரும். இத்தகைய கருவிகள் சிலவற்றில் அண்ணாச்சியின் திருகாணிகளைப் போலவே, குறைந்த ஓமுக்கு ஒன்று, கூடிய ஓமுக்கு ஒன்று என்று தனித்தனி வாய்கள் இருக்கும். நல்ல டிரான்ஸ்பார்மருக்கு இரும்பும் செம்பும் வேண்டும். எடையும் விலையும் கூடும். இன்னொரு வகையில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. வால்வே நேராக ஹெட்போனை ஓட்டும். 6 ஏ.எஸ். 7, 6080 போன்ற வால்வுகளை வைத்துச் செய்வார்கள். மின் வழங்கிகளில் வோல்ட்டைச் சீராக நிறுத்துவதற்குப் பயன்பட்ட முரட்டு வால்வுகள் அவை. இந்த இரண்டாம் வகை 300 ஓம், 600 ஓம் ஹெட்போன்களுக்கு வெகு பொருத்தம். சென்ஹைஸர் எச்.டி. 600, எச்.டி. 650 இரண்டும் 300 ஓம். பேயர்டைனமிக் டி.டி. 880இல் 600 ஓம் வார்ப்பே உண்டு. இவற்றை வைத்திருக்கிறவர் டிரான்ஸ்பார்மர் இல்லாத வால்வு ஆம்பிளிபயரைத் தேடினால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். கேட்கக் கூப்பிட்டால் போவேன்.

இங்கே ரசிக சிகாமணி எழுந்து நிற்கிறார். “சங்கீதத்தைக் கணக்கால் அளக்க முடியுமா? காதுதான் பிரமாணம்!” என்கிறார்.

காதுதான் பிரமாணம். யார் இல்லை என்றார்கள்? ஆனால் வாங்குவதற்கு முன்னால் அந்தக் காதைக் கொண்டுபோய் வைக்க இடம் எங்கே? பட்டணத்துக்காரர் நாலு கடை ஏறி இறங்கிக் கேட்டுவிட்டு வாங்கலாம். விருதுநகரிலோ சாத்தூரிலோ இருக்கிறவன் இந்தச் சாமானைப் பெரும்பாலும் முதல் தடவையாகப் பார்ப்பதே கூரியர் பெட்டியைப் பிரிக்கும்போதுதான். அவனுக்குக் காது பணம் கொடுத்த பிறகுதான் பிரமாணம்; பணம் கொடுக்கும் முன் எண்தான் பிரமாணம். அந்த எண்ணையும் பிடுங்கிக்கொண்டு, “மெய்மறந்தேன், உருகினேன்” என்ற வார்த்தைகளை அவன் கையில் கொடுப்பது ரசனை அல்ல. பட்டாசுக்கு மருந்து கலக்கிறவரிடம் போய், “அளவெல்லாம் எதற்கு, மனசுக்குப் பட்டபடி கலங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். அளவு தவறினால் என்ன நடக்கும் என்பதை அந்தச் சீமைக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அளவை மதிக்கிற ஜனங்களிடம் வந்து அளவு வேண்டாம் என்று உபதேசம் செய்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கதகதப்பு என்பதே பொய்யா என்று கேட்டால், பொய் இல்லை. பல வால்வு ஆம்பிளிபயர்கள் கொடுத்த ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்தாயியையும் துளி சேர்த்துக் கொடுக்கின்றன. மத்திய ஸ்தாயி ஷட்ஜத்தோடு தார ஸ்தாயி ஷட்ஜம் லேசாக ஒட்டிக்கொண்டால் காதுக்கு உறுத்தாது. சில சமயம் இனிக்கவும் செய்யும். குழம்பில் பெருங்காயம் போல. பெருங்காயம் வேண்டும் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பெருங்காயத்தைக் காட்டி, இதுதான் காயின் இயற்கை ருசி என்று சாதிக்காதீர்கள்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒருவர் எழுந்து நிற்கிறார். அவர் விஞ்ஞானக் கட்சி. “1947இலேயே டிரான்ஸிஸ்டர் வந்துவிட்டது. இன்னும் எதற்கு இந்த மியூசியச் சாமான்? விரல் நீளச் சாதனம் போதும், எல்லோருக்கும்” என்கிறார். இவர் சொல்வதில் முக்கால் பங்கு சரி. 32 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு அது போதும். அதன் வெளியீட்டு மின்தடை பெரும்பாலும் ஒன்றிரண்டு ஓமுக்குள் அடங்கிவிடும். காதுத் துளைக்குள் நுழைகிற சின்ன இயர்போன்காரர்களோ வால்வுப் பக்கமே போக வேண்டாம். அவை மெல்லிய சப்தத்தையும் பிடித்துக் காட்டுகிறவை, ஆகவே வால்வின் இரைச்சலையும் மின்சாரத்தின் உறுமலையும் சேர்த்தே காட்டும். ஆனால் “எல்லோருக்கும்” என்றாரே, அங்கேதான் இவரும் அந்த ரசிக சிகாமணியின் தம்பியாகிவிடுகிறார். 600 ஓம் ஹெட்போனை அந்த விரல் சாதனங்கள் பலவற்றில் செருகினால் உச்ச ஸ்தாயியில் மூச்சு முட்டும். வால்வு வேண்டும் என்பதும் வால்வு வேண்டாம் என்பதும், ஹெட்போனைக் கேட்காமல் சொல்லப்பட்டால், ஒரே தவற்றின் இரண்டு பக்கங்கள்.

ஆகவே வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. என் ஹெட்போன் எத்தனை ஓம், அது சுருதிக்குச் சுருதி எவ்வளவு ஏறி இறங்குகிறது? ஆம்பிளிபயரின் வெளியீட்டு மின்தடை எவ்வளவு? என் ஹெட்போனின் ஓமில் அது எத்தனை மில்லிவாட் கொடுக்கும்? மூன்றாவது கேள்விக்கு, “ஒரு வாட்!” என்று மார் தட்டுவார்கள். எந்த ஓமில் ஒரு வாட் என்று திருப்பிக் கேளுங்கள். 300 ஓமில் தாராளமாகக் கொடுக்கிற கருவி 32 ஓமில் அதில் ஒரு பகுதியைத்தான் கொடுக்கக்கூடும். பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். உள்ளே நூறு, இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற சாமான் அது. அணைத்த பிறகும் சிறிது நேரம் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். மூடியைத் திறந்து பார்க்கிற ஆசையை விட்டுவிடுங்கள். டிரான்ஸ்பார்மர் இல்லாத வகையாக இருந்தால் வால்வு சூடேறிய பிறகு ஹெட்போனைச் செருகுங்கள். போட்டவுடன் எழுகிற அதிர்ச்சி ஹெட்போனுக்கும் ஆகாது, காதுக்கும் ஆகாது.

காது என்றவுடன் கடைசியாக ஒன்று. பொருந்தாத சேர்க்கையால் பணம் போவது ஒரு நஷ்டம், அதைச் சம்பாதித்துவிடலாம். என் மருமகப் பிள்ளை அன்று என்ன செய்தான் தெரியுமா? தவிலின் இரைச்சலில் ஜானகியின் வார்த்தை தெளியவில்லை. தெளிய வேண்டும் என்று திருகை இன்னும் கொஞ்சம் திருகினான். பிறகு இன்னும் கொஞ்சம். உலக சுகாதார நிறுவனம் கொடுக்கிற கணக்கு இது: 80 டெசிபெல் சப்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், அதற்கு மேல் மூன்று மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறைய வேண்டும். 90 டெசிபெல் என்றால் வாரத்துக்கு நாலு மணி நேரம். அவன் இரண்டு ராத்திரியில் தீர்த்துவிடுவான். பட்டாசு வெடித்தால் நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது என்று 1999இல் விதி செய்தார்கள். வெடிக்கிற சாமானுக்கு விதி இருக்கிறது. பக்கத்து அறையில் தூங்குகிற குழந்தைக்குக்கூடத் தெரியாமல் ஒருவன் தன் காதைத் தானே இடித்துக்கொள்வதற்கு எந்த அதிகாரி வந்து விதி செய்வார்? செவிக்குள் போன மயிர்க் கால்கள் மறுபடி முளைப்பதில்லை.

நான் சொன்னதையெல்லாம் அவனிடமும் சொன்னேன். ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு விருதுநகரில் ஒரு நண்பரிடமிருந்து 300 ஓம் ஹெட்போனை இரவல் வாங்கி அதே ஆம்பிளிபயரில் செருகிக் கேட்டிருக்கிறான். ராத்திரி பதினொன்றரைக்கு எனக்குப் போன் வந்தது.

“மாமா, நீங்க சொன்னதுல பாதி சரி.”

“எந்தப் பாதி?”

“பொருத்தம் பார்க்கணும்கிறது சரி. ஆனா பொருந்திட்டா வால்வு மாதிரி வராது. நாயனத்துல சீவாளி நனைஞ்சிருக்கிறதுகூடத் தெரியுது.”

மற்ற பாதியைப் பற்றி நாளைக்குச் சண்டை போடலாம் என்று சொல்லி, சப்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். இப்போது அவன் அந்த ஹெட்போனைச் சொந்தமாக வாங்குவதற்கு அடுத்த தீபாவளி போனஸை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறான். குச்சியை முதலில் வாங்கிவிட்டுப் பெட்டியைத் தேடுகிற வேலைதான். வாசகர்களாவது வரிசையை மாற்றிச் செய்யுங்கள்.